கொரோனாக் காலத்தில் உறுப்பு மாற்றம் பெற்றவர்கள்: மாத்திரையைக் குறைக்கலாமா?

வாசகர் கேள்வி, 11 ஏப்ரல் 2020

என் தம்பிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. டேக்ரோலிமஸ், மைகோபினோலேட், பிரெட்னிசோலோன் மூன்றையும் நாள் தவறாமல் எடுத்துவருகிறான். இவை எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் என்பதால், கொரோனா அடங்கும்வரை ஒன்றையாவது நிறுத்திவைப்பது நல்லது என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். இதே நிலையில் உள்ளவர்கள் என்ன செய்கிறீர்கள்?

11 ஏப்ரல் 2020, இரவு

நிறுத்தக் கூடாது. சிறுநீரக மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளையைக்கூடத் தவிர்க்கக் கூடாது. நானும் சிறுநீரகம் மாற்றப்பட்டவள். என் உடம்பில் இயங்குவது என் அம்மாவின் சிறுநீரகம். மாத்திரை குறைந்தால் உடல் அந்த உறுப்பை அந்நியப் பொருளாகக் கண்டு தாக்கத் தொடங்கும். வலியோ காய்ச்சலோ இல்லாமலே அது நடக்கலாம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறிய பிறகுதான் நமக்குத் தெரியவரும். அப்போது ரிஜெக்‌ஷனை அடக்க அதிக அளவு ஸ்டீராய்டை ஊசியாகச் செலுத்துவார்கள், சில நேரங்களில் அதைவிடக் கடுமையான மருந்தும் தருவார்கள். அவை எதிர்ப்பு சக்தியை அன்றாட மாத்திரைகளைவிடப் பல மடங்கு ஆழமாகக் குறைப்பவை. கிருமிக்கு அஞ்சி மாத்திரையை நிறுத்தியவர், கிருமி நிறைந்த இந்தக் காலத்தில், எதிர்ப்பே இல்லாத உடம்போடு மருத்துவமனைப் படுக்கையில் கிடக்க நேரிடும். தொற்று வந்துவிட்டால் மைகோபினோலேட்டைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை மருத்துவர்கள் நோயின் கடுமையைப் பார்த்து முடிவுசெய்வார்கள். தொற்று வராதவர் அச்சத்தால் நிறுத்துவது முற்றிலும் வேறு செயல். உங்கள் உறவினரிடம் இதைச் சொல்லுங்கள்.

27 ஏப்ரல் 2020

நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்த கணக்கை மூவர் எனக்குத் தனியாக அனுப்பி, நம் கதி இதுதானா என்று கேட்டிருக்கிறார்கள். தொற்று உறுதியான 36 சிறுநீரக மாற்று நோயாளிகளில் 10 பேர் மூன்று வாரங்களுக்குள் இறந்துவிட்டார்கள். படித்த இரவு எனக்கும் உறக்கம் வரவில்லை. ஆயினும் அந்த 36 பேர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். நகரமே மூச்சுத்திணறிய நாட்களில் சோதனை செய்யப்பட்டவர்கள் அவர்கள். 28 பேர் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோயுற்றிருந்தார்கள். இலேசான காய்ச்சலோடு வீட்டிலேயே தேறியவர்கள் இப்படிப்பட்ட கணக்கில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. நமக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதில் ஐயமில்லை, ஆனால் நான்கில் ஒருவர் இறப்பார் என்று இதைக் கொண்டு நம்மூரில் சொல்ல முடியாது.

9 மே 2020

ஊரடங்கில் மருந்து கிடைப்பதைப் பற்றி விரிவாக எழுதுமாறு கேட்டிருந்தீர்கள். நான் தென்காசியில் இருக்கிறேன். அறுவை நடந்தது சென்னையில். இதுவரை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ரயிலில் போய், மருத்துவரைப் பார்த்து, அடுத்த மூன்று மாதங்களுக்கான மருந்தோடு திரும்புவது வழக்கம். மார்ச் மாதக் கடைசியில் ரயில் நின்றது, பேருந்தும் நின்றது. இ-பாஸ் கிடைத்தாலும் வாடகைக் காரில் சென்னைக்குப் போய்வரும் செலவு ஓர் ஆசிரியையின் சம்பளத்துக்குத் தாங்காது. எங்கள் ஊர்க் கடைகளில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்டு, டேக்ரோலிமஸ் கேட்டால் பெயரையே இருமுறை எழுதிக்காட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு இம்முறை மருந்து அஞ்சல் துறையின் பார்சலில் வந்துசேர்ந்தது. கொண்டுவந்து கொடுத்த தபால்காரருக்கு அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று சொன்னேன். சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

கிடைத்த நிறுவனத்தின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா என்பது அடுத்த கேள்வி. வேறு வழியே இல்லையென்றால் மருந்தே இல்லாமல் இருப்பதைவிட அது மேல். ஆனால் டேக்ரோலிமஸ் விஷயத்தில் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது. ஒரு நிறுவனத்தின் மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இரத்தத்தில் தங்கும் அளவு மாறக்கூடும். மாற்றினால் மருத்துவரிடம் தெரிவித்து, அடுத்த சில நாட்களில் டேக்ரோ லெவல் (இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு) பார்த்தே ஆக வேண்டும்.

அந்தச் சோதனைதான் சிற்றூர்களில் பெரிய சிக்கல். இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன் இரத்தம் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சோதனைக்கூடம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்றால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மாத்திரை நேரத்தையே இரவு ஒன்பதுக்கும் காலை ஒன்பதுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். ஊதா மூடிக் குழாயில்தான் இரத்தம் எடுக்க வேண்டும், ஏனெனில் இந்த மருந்தை முழு இரத்தத்தில் அளக்கிறார்கள். பழக்கமில்லாத இடங்களில் வேறு குழாயில் எடுத்துவிட்டு, மறுநாள் திரும்ப வரச் சொல்வதுண்டு.

20 மே 2020

கபசுரக் குடிநீர் குடிக்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். நான் குடிக்கவில்லை. சித்த மருத்துவத்தின்மீது எனக்கு மரியாதை உண்டு, என் தாத்தா அதில்தான் குணமானார். ஆயினும் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்று சொல்லித் தரப்படும் எதுவும், அதை அடக்கி வைத்தே உயிர்வாழும் நமக்குப் பொருந்துமா என்பதை ஆராய்ந்து சொன்னவர் எவரும் இல்லை. தெருவில் அண்டாவோடு வந்து அன்போடு நீட்டும்போது மறுப்பது சங்கடம்தான். மறுத்துவிடுங்கள்.

28 ஜூன் 2020

நாம் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். காத்திருப்போரின் நிலை இதைவிடக் கொடியது. மாற்று அறுவைகள் பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ நின்றுபோய்விட்டன. உயிருள்ள கொடையாளர் தரும் சிறுநீரகம் என்றால் அதைச் சில மாதங்கள் தள்ளிவைக்கலாம், டயாலிசிஸ் இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகும் கூலித் தொழிலாளி, பேருந்து இல்லாத ஊரிலிருந்து எப்படிப் போவார்? ஒரு முறை தவறினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அந்த மூச்சுத்திணறலைக் கொரோனா என்று கருதி, சோதனை முடிவு வரும்வரை டயாலிசிஸ் எந்திரத்தின் அருகே விடாமல் வெளியே அமர்த்திய இடங்களும் உண்டு. கல்லீரலுக்கும் இதயத்துக்கும் காத்திருப்போருக்கு டயாலிசிஸ் போல எளிதில் கிடைக்கும் இடைக்கால வழியும் இல்லை.

மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகள் ஏன் வருவதில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. நம் மாநிலத்தில் உறுப்புக் கொடையாளர்களில் மிகப் பலர் சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர்கள். ஊரடங்கில் வாகனங்கள் ஓடவில்லை, விபத்து குறைந்தது. அது நல்ல செய்திதான். மூளைச்சாவு நேர்ந்தாலும், கொடையாளருக்குத் தொற்று இல்லை என்று உறுதிப்படுத்தும் ஆர்டிபிசிஆர் முடிவு வரும்வரை உறுப்புகளைக் காக்கத் தீவிர சிகிச்சைப் படுக்கை வேண்டும். அந்தப் படுக்கைகள் கொரோனா நோயாளிகளால் நிறைந்திருக்கின்றன. குடும்பத்தாரிடம் நேரில் அமர்ந்து பேச உறுப்புக் கொடை ஒருங்கிணைப்பாளர்களுக்கும் வழியில்லை. 2008இல் சென்னையில், மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடையளிக்க அவன் பெற்றோர் எடுத்த முடிவுக்குப் பிறகு படிப்படியாக வளர்ந்த ஓர் ஏற்பாடு இது. அது மீண்டும் முழு வேகத்தில் எழ எத்தனை காலம் ஆகும் என்பதே என் கவலை.

6 செப்டம்பர் 2020

ஆகஸ்டு 27 அன்று சென்னை எம்ஜிஎம் ஹெல்த்கேரில், கொரோனாவால் நுரையீரல் சிதைந்த டில்லிக்காரர் ஒருவருக்கு இரு நுரையீரல்களும் மாற்றப்பட்டிருக்கின்றன. ஜூன் மாதம் சிகாகோவில் இப்படி ஓர் அறுவை நடந்தது, அதற்கும் முன்பே சீனாவில் நடந்தது. இதுவரை இந்த இழையில் கொரோனா நமக்கு எதிரியாக மட்டுமே வந்தது. இப்போது அது நம் வரிசையில் புதியவர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

நேற்று ஒரு வாசகர், ஆண்டுக்கணக்கில் காத்திருப்போரைத் தாண்டிச் சில வாரங்களுக்கு முன் நோயுற்றவருக்கு நுரையீரல் தருவது நியாயமா என்று கேட்டிருந்தார். கேட்டவுடன் எனக்கும் அதே எண்ணம் எழுந்தது. இரவெல்லாம் யோசித்தபின் அப்படித் தோன்றவில்லை. செயற்கையாக இரத்தத்துக்கு உயிர்வளி ஏற்றும் எக்மோ எந்திரத்தில் கிடப்பவருக்குக் காத்திருக்கக் காலமே இல்லை. வாரக்கணக்கில் பார்த்தும் நுரையீரல் தேறாது என்பது உறுதியாகி, உடலில் கிருமி நீங்கி, மற்ற உறுப்புகள் நல்ல நிலையில் இருந்தால் மட்டுமே இந்த அறுவைக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவசர நிலையில் உள்ளவருக்கு முன்னுரிமை என்பது உறுப்புப் பகிர்வில் முன்பே இருக்கும் விதி. அதை நோயின் பெயர் பார்த்து மாற்றக் கூடாது.

20 மார்ச் 2021

மார்ச் 1 முதல் 60 வயது கடந்தோருக்கும், 45 முதல் 59 வயதுக்குள் இணைநோய் உள்ளோருக்கும் தடுப்பூசி போடுகிறார்கள். அந்த இணைநோய்ப் பட்டியலில் சிறுநீரக, கல்லீரல் மாற்று பெற்றோரும் காத்திருப்போரும் இருக்கிறார்கள். எனக்கு வயது 36. என் அம்மாவுக்கு 63. ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு நலமாக இருக்கும் அம்மாவுக்கு ஊசி போட்டாகிவிட்டது. அவருடைய மற்றொரு சிறுநீரகத்தைச் சுமந்து, நாள்தோறும் எதிர்ப்பு சக்தியைக் குறைத்துக்கொண்டிருக்கும் எனக்கு இல்லை என்று அதே மையத்தில் திருப்பி அனுப்பினார்கள். செவிலியரைக் குறைசொல்ல முடியாது, அவர் பார்க்கும் கணினி வயதைத்தான் கேட்கிறது. நம்மில் பலர் நாற்பத்தைந்துக்குக் கீழ் உள்ளவர்கள். நோய் வயது பார்த்து வரவில்லை.

உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் நமக்கு ஆகாது என்று மருத்துவர்கள் முன்பு சொல்லியிருந்ததால், இப்போது பட்டியலில் இருந்தும் தயங்குகிறவர்களுக்காக: கோவேக்சினில் இருப்பது செயலிழக்கச் செய்த கிருமி. கோவிஷீல்டில் உள்ள அடினோ வைரஸ் உடலுக்குள் பெருகாதபடி மாற்றப்பட்டது. இரண்டும் நாம் போட்டுக்கொள்ளக் கூடியவையே.

எந்த அளவுக்குப் பலன் தரும் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு, எம்ஆர்என்ஏ (ஃபைசர், மாடர்னா) தடுப்பூசியின் முதல் தவணை போட்ட 436 மாற்றுநோயாளிகளைச் சோதித்ததில் 17 விழுக்காட்டினருக்கே எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) உருவாகியிருக்கிறது. மைகோபினோலேட் போன்ற மருந்து எடுப்போரிடம் அது இன்னும் குறைவு. அதனால் ஊசி வீண் என்று முடிவுசெய்ய வேண்டாம். ஊசிக்குப் பிறகும் முகக்கவசம் வேண்டும் என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

15 மே 2021

கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையே இனி 12 முதல் 16 வாரங்கள். நல்ல உடல்நிலை உள்ளவருக்கு ஒரு தவணையே ஓரளவு காக்கும் என்ற கணக்கில் எடுத்த முடிவு. ஒரு தவணையில் ஏறத்தாழ எதுவுமே கிடைக்காத நம்மையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இரண்டாம் அலை உச்சத்தில் இருக்கும் இந்த மாதத்தில் நமக்கென்று ஒரே ஒரு வரியில் விதிவிலக்கு எழுதியிருக்கக் கூடாதா?

19 ஜூன் 2021

எனக்கும் வந்துவிட்டது. தேறி வீடு திரும்பியிருக்கிறேன். விசாரித்து எழுதியவர்களுக்காக, பயன்படக் கூடியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

உயிர்வளி அளவு 92க்கு இறங்கியதும் படுக்கை கிடைத்த இடத்தில் சேர்ந்தேன். அது மாற்று அறுவை செய்யும் மருத்துவமனை அன்று. முதல் நாள் பணியிலிருந்த மருத்துவர், வழக்கமான மாத்திரைகள் அனைத்தையும் நிறுத்துமாறு குறிப்பேட்டில் எழுதிவிட்டார். அவருக்கு முன் மூச்சுக்குத் தவிக்கும் எண்ணற்ற நோயாளிகள் இருந்தார்கள். நான் அவரை நோகவில்லை. என் சிறுநீரக மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து அவரோடு பேசவைத்தேன். மைகோபினோலேட்டை மட்டும் நிறுத்தி, டேக்ரோலிமஸைச் சற்றுக் குறைத்து, ஸ்டீராய்டைக் கூட்டினார்கள். 1.1 ஆக இருந்த கிரியாட்டினின் 1.8 வரை ஏறி, இப்போது 1.3இல் நிற்கிறது. உடன் ஒருவரையும் விடாத வார்டில் மயங்கிக் கிடந்திருந்தால் இதைச் சொல்ல ஆளே இருந்திருக்காது. அதனால் எல்லோரும் ஒரு தாளில் அறுவை நடந்த ஆண்டு, மருந்துகளும் அளவும், சிறுநீரக மருத்துவரின் எண், "டேக்ரோலிமஸைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்" என்ற வரி ஆகியவற்றை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கறுப்புப் பூஞ்சை. ஸ்டீராய்டு கூடும்போது சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரையும் குறைந்த எதிர்ப்பு சக்தியும் சேர்ந்த உடம்பு அந்தப் பூஞ்சைக்கு மிகவும் இடம்கொடுக்கும். அதற்கான ஆம்போடெரிசின் மருந்தின் பழைய வகை சிறுநீரகத்தைத் தாக்கக் கூடியது. தாக்கம் குறைந்த லைபோசோமல் வகை விலை மிகுந்தது, மே மாதம் முழுவதும் அதற்கு நாடெங்கும் அலைந்தார்கள். பின்னர் தரும் போசகோனசோல் என்ற பூஞ்சை மருந்து டேக்ரோலிமஸின் அளவை ஏற்றிவிடும். ஒன்றைக் காக்கப்போனால் இன்னொன்று அடிபடும் இந்த நிலையை மற்றவர்களுக்குப் புரியவைப்பது கடினம். முகத்தில் ஒரு பக்கம் வலி, மரத்துப்போதல், மூக்கில் கறுப்புக் கசிவு, கண் வீக்கம் எது தெரிந்தாலும் மறுநாள்வரை பொறுக்க வேண்டாம்.

முதல் அலையில் இந்தியாவின் 13 மையங்களில் தொற்றுக்கு ஆளான 250 சிறுநீரக மாற்று நோயாளிகளில் 11.6 விழுக்காட்டினர் இறந்ததாக ஆய்வு சொல்கிறது. நியூயார்க் கணக்கைப் பற்றி ஏப்ரல் 2020இல் நான் எழுதியதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எண் அதைவிடச் சிறியது. ஆனால் வென்டிலேட்டருக்குப் போனவர்களில் ஏறத்தாழ எவரும் பிழைக்கவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

8 ஆகஸ்ட் 2021

கபசுரக் குடிநீர் பற்றி மே 2020இல் எழுதியதற்கு ஒரு தொடர்ச்சி. மும்பையில், சீந்தில் சேர்ந்த மருந்துகளை எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். எதிர்ப்பு சக்தி தன் கல்லீரலையே தாக்கும் வகையிலான பாதிப்பு அது. கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளில் சீந்தில் தண்டும் ஒன்று. குடிநீர் குடித்த எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று இதற்குப் பொருளில்லை. கல்லீரல் மாற்று பெற்றவர்கள் மட்டும் இதை இருமுறை படியுங்கள்.

5 டிசம்பர் 2021

தொற்றுக்குப் பிறகு மூன்று மாத இடைவெளி, பின் தவணைகளுக்கு இடையிலான இடைவெளி என்று கழிந்து, நவம்பரில்தான் எனக்கு இரண்டாம் தவணை முடிந்தது. எங்கள் பள்ளி செப்டம்பர் 1 முதல் திறந்திருக்கிறது. மாணவர்களுக்கு எதிரே நின்று பாடம் நடத்தும் ஆசை எனக்கும் உண்டு. தலைமையாசிரியர் இசைந்ததால் இப்போதைக்கு வீட்டிலிருந்தே நடத்துகிறேன்.

மூன்றாம் தவணையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: பிரான்சு ஏப்ரலிலேயே மாற்றுநோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைத்தது. அமெரிக்கா ஆகஸ்டில் இசைவளித்தது. கனடாவின் டொரண்டோவில் 120 பேரை இரு பிரிவாக்கிச் சோதித்ததில், உண்மையான மூன்றாம் ஊசி பெற்றோரில் 55 விழுக்காட்டினரும், மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றோரில் 18 விழுக்காட்டினரும் போதிய எதிர்ப்புப் புரத அளவை எட்டினார்கள். அக்டோபரில் உலக நலவாழ்வு அமைப்பின் வல்லுநர் குழுவும், எதிர்ப்பு சக்தி குறைந்தோருக்கு மூன்றாம் ஊசி முதன்மைத் தவணைகளின் பகுதியாகவே தரப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டது. நமக்கு ஊக்க ஊசி (பூஸ்டர்) என்பது கூடுதல் சலுகையாகாது. மற்றவர்கள் இரண்டில் அடைவதை நாம் மூன்றில்தான், அதுவும் நம்மில் ஒரு பகுதியினர்தான், அடைகிறோம். இந்தியாவில் இதற்கு இன்னும் வழி இல்லை.

23 ஜனவரி 2022

அவசரம், எல்லோரும் படிக்கவும். கொரோனாவுக்கான பாக்ஸ்லோவிட் என்ற மாத்திரையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வைத்திருப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அதில் உள்ள ரிடோனவிர், டேக்ரோலிமஸைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடக்குகிறது. வழக்கமான அளவில் டேக்ரோலிமஸைத் தொடர்ந்தால் சில நாட்களில் அது பல மடங்கு ஏறிச் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். மருத்துவர் டேக்ரோலிமஸை நிறுத்திவைத்து, அளவு பார்த்து மீண்டும் தொடங்குவது என்ற ஏற்பாடு இல்லாமல் அதைத் தொடவே கூடாது. பாக்டீரியாவுக்கான கிளாரித்ரோமைசினும் பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோலும் இதே வேலையைச் செய்பவை. கடையில் கேட்டு வாங்கும் எந்த மாத்திரையையும் சிறுநீரக மருத்துவரிடம் சொல்லாமல் போட வேண்டாம்.

17 ஜூலை 2022

மூன்றாம் ஊசி கிடைத்தது. ஜனவரி 10 அன்று தொடங்கியபோது சுகாதாரப் பணியாளர்களுக்கும் முன்களப் பணியாளர்களுக்கும் 60 கடந்த இணைநோயாளிகளுக்கும் மட்டும் தந்தார்கள். ஏப்ரலில் 18 கடந்தோருக்குத் தனியார் மையங்களில் காசுக்குத் தந்தார்கள், ஆனால் ஒன்பது மாத இடைவெளி கேட்டார்கள். இப்போது இடைவெளி ஆறு மாதம், அரசு மையங்களில் இலவசம். அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரும் எனக்குப் பின்னால் நின்றவரும் மாற்று அறுவையைப் பற்றிக் கேள்விப்படாத நல்ல உடல்நிலைக்காரர்கள்.

14 மே 2023

மே 5 அன்று உலக நலவாழ்வு அமைப்பு அவசர நிலையை முடித்துக்கொண்டது. 2019இல் நாட்டில் 12,600க்கு மேல் நடந்த உறுப்பு மாற்று அறுவைகள் 2020இல் 7,400 அளவுக்கு வீழ்ந்து, 2022இல் 16,000 வரை எழுந்திருக்கின்றன. நான் அஞ்சிய அளவுக்கு அந்த ஏற்பாடு முடங்கிவிடவில்லை, மனம் நிறைகிறது. ஊசி பலிக்காதோருக்காக அமெரிக்காவில் தந்துவந்த எவுஷெல்ட் என்ற எதிர்ப்புப் புரத ஊசிக்கான இசைவையோ, புதிய திரிபுகளிடம் அது எடுபடாததால், கடந்த ஜனவரியில் விலக்கிக்கொண்டார்கள்.

இத்தனை ஆண்டு எழுதியதில் எனக்கு ஆற்றாமல் இருப்பது ஒன்றே. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த நாட்டில் எந்த உறுப்பு மாற்றமும் பதிவில்லாமல் நடக்க முடியாது. எனக்கும் என் அம்மாவுக்கும் என்ன உறவு என்பதை மெய்ப்பிக்க எத்தனை தாள்களில் ஒப்பமிட்டோம்! நம் பெயர், வயது, அறுவை நடந்த நாள் அனைத்தும் மருத்துவமனைகளிடம் இருக்கின்றன. மூளைச்சாவுக் கொடையில் பெற்றவர்களின் விவரம் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்திடமும் இருக்கிறது. கோடிக்கணக்கானோரை வயதால் பிரித்து அழைத்த அரசுக்கு, சில ஆயிரம் பேரைப் பெயர் சொல்லி அழைத்து முதலில் ஊசி போடுவது எளிய வேலையாகவே இருந்திருக்கும். எவரும் கேட்கவில்லை. நாமும் சேர்ந்து கேட்கவில்லை.

ஆகவே நலவாழ்வுத் துறைக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் மூன்று கோரிக்கைகள். பெருந்தொற்றுக் காலத் தடுப்பூசி முன்னுரிமையில், மாற்று பெற்றோரையும் காத்திருப்போரையும் வயது வரம்பின்றிச் சேர்க்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் டேக்ரோலிமஸ், மைகோபினோலேட் ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு இருப்பில் வைக்க வேண்டும். டேக்ரோ லெவலுக்கான இரத்தத்தை மாவட்டத்திலேயே எடுத்து அனுப்பும் ஏற்பாடு வேண்டும். சேர்ந்து ஒப்பமிட விரும்புவோர் மாவட்டத்தையும் அறுவை நடந்த ஆண்டையும் இங்கே எழுதினால் போதும். பெயரும் மருத்துவமனையும் பொதுவில் வேண்டாம்.